மரினாவின் பீப்பா

டேனிஷ் நகரமான பிரெடெரிசியாவில், எல்விராவின் வீட்டுக் கூரையறையில் ஐந்து பீப்பாக்கள், பெரிதிலிருந்து சிறிதாக வரிசையில் கிடந்தன. அவற்றுக்கு நேர் கீழே இருந்த அறையைத்தான் பேசாலையிலிருந்து அகதியாக வந்த அந்தோனிதாசன் வாடகைக்கு எடுத்திருந்தான். எல்விரா இத்தாலிக்காரி, டேனிஷ்காரர் ஒருவரைக் கட்டி வந்து, இப்போது தனியாள். அவள் பிறந்த வருடம் தாய் அந்தப் பீப்பாக்களில் காய்ச்சிய திராட்சைச் சாற்றை ஊற்றிவைத்து, கலியாணத்தின்போது சீதனமாகக் கூடவே அனுப்பினாளாம். சாறு புளித்து இப்போது ஐம்பத்தாறு வருட வினாகிரி. சீதனம் என்றதும் அந்தோனிதாசனுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

குளிர்காலம் தோறும் ஆகச் சிறிய பீப்பாவிலிருந்து கொஞ்சம் எடுப்பாள். எடுத்த அளவை அடுத்த பெரியதிலிருந்து நிரப்புவாள். ஆகப் பெரியதற்குத் தமையன் அனுப்பும் புதுச் சாறு. வாயை இறுக்கி அடைப்பதில்லை. துணி போட்டு மேலே ஒரு கல். வற்ற வற்றத்தான் அது தேன்போலத் தடிக்கும் என்பாள்.

1987 புரட்டாதியில் அந்தோனிதாசன், மனைவி மாக்கிரட்டையும் தான் படத்தில் மட்டுமே கண்ட மகளையும் கூப்பிட விண்ணப்பம் போட்டிருந்தான். கிழமைக்கு ஒரு கடிதம் அலுவலகத்துக்கு எழுதினான். பரிசீலனையில் இருக்கிறது என்பதே பதில். பிள்ளையில்லாத எல்விரா அந்த மார்கழியில் ஒரு புதுச் சின்னப் பீப்பா வாங்கி, சோக்குக் கட்டியால் 'மரினா' என்று மகளின் பெயரை எழுதி நிரப்பினாள். வந்ததும் அவளுக்குத்தான் என்றாள்.

மாசியோடு மாக்கிரட்டின் கடிதங்கள் நின்றன. அந்தோனிதாசன் சனி தோறும் மேலே ஏறி, குச்சி விட்டு மகளின் பீப்பாவை அளந்தான். ஒவ்வொரு முறையும் குறைந்திருந்தது. புது மரம் குடிக்கும் என்று எல்விரா முன்பே சொல்லியிருந்தாள். தெரிந்தும் மனம் கேட்கவில்லை. ஒரு சனிக்கிழமை, எல்விராவின் தாய் வைத்த பழைய பீப்பாக்களில் ஆகச் சிறியதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அதில் ஊற்றினான். அடுத்த சனி இரண்டு.

பிறகு, பட்டப்பகலில், அவன் அறைக் கூரைக்கு மேலே ஒரு குழந்தை உறிஞ்சிக் குடிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

தொழிற்சாலையில் தன்னோடு வேலை செய்யும் யூட்டிடம் இதைச் சொன்னான். "அண்ணை, பீப்பாவுக்கு ஞானஸ்நானம் எப்ப? எனக்கும் சொல்லுங்கோ, கேக்கோட வாறன்" என்றான் யூட். அதன்பின் அந்தோனிதாசன் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மேலே போகும்போது மட்டும் கதைத்தான். பல் முளைச்சிட்டுதோ, நடக்கிறியோ என்று கேட்டான்.

அடுத்த குளிர்காலம் எல்விரா ஆகச் சிறிய பழைய பீப்பாவைத் திறந்தாள். குச்சியின் நுனிதான் நனைந்தது. அவள் பெட்டியொன்றின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தன் தாய் தனக்கென வைத்ததைக் குடித்தது யார் என்று மெல்லக் கேட்டாள்.

"என்ர மகள்," என்றான் அந்தோனிதாசன்.

நான் என்று சொல்லத்தான் வாயெடுத்திருந்தான். எல்விரா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு எழும்பி, கூரையறையைப் பூட்டித் திறப்பைத் தன்னோடு கொண்டுபோனாள். அன்றிலிருந்து மேலே சத்தம் கூடியது.

1989இல் கோப்புகள் அசைந்தன. போரில் பாதை அடைபட்டுக் கிடந்ததில் தேங்கிய மாக்கிரட்டின் ஐந்து கடிதங்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. வைகாசியில் அவர்களே வந்துவிட்டார்கள். ரயில் நிலையத்தில் மரினா தாயின் சேலைக்குப் பின்னால் ஒளிந்தாள். மெலிந்த பிள்ளை, புருவத்தில் தழும்பு. அவன் மேலே வளர்த்தவளோ கொழுகொழுவென்று இருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட நா எழவில்லை.

அவன் அறையில் மாக்கிரட் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே, "இஞ்சருங்கோ, பிள்ளையோட கதையுங்கோவன். யாரோ போல நிக்கிறியள்" என்றாள்.

"மரினா," என்றான்.

கூப்பிட்டபோது அவன் கண் கூரையில் இருந்தது. பிள்ளையும் அவன் பார்த்த இடத்தையே பார்த்தது. வந்ததிலிருந்து அவனோடு பேசாதிருந்தவள் கேட்டாள்:

"அங்க ஆர், அப்பா?"

மாக்கிரட்டின் கை பிள்ளையின் வாயருகே நின்றது. மேலே உறிஞ்சும் சத்தம் விடாமல் கேட்டது. அந்தோனிதாசன் குனிந்து மகளின் கையைப் பிடித்தான். சின்னக் கை, சோற்றுப் பிசுபிசுப்பு, சூடு.

"ஒருத்தரும் இல்லை," என்றான்.

சத்தம் நின்றது. அவன் அழத் தொடங்கினான்.