பத்து மாதம் பதினான்கு நாள்

…காலியாக இருந்ததாம். 'இக்காலத்தில் தூதர் பதவி காலியாக இருந்தது', ஒரே வரி, அதுவும் சாய்வெழுத்தில், ஆறாவது தூதருக்கும் ஏழாவது தூதருக்கும் நடுவில், பத்து மாதம் பதினான்கு நாள்... அப்படியானால் அந்தப் பத்து மாதமும் அந்த மேசையில் உட்கார்ந்திருந்தது யார், பேயா? ஸ்பிரிங்வேல் கடைத்தெருவில் காரை நிறுத்திவிட்டு "பத்து நிமிஷம்மா, மீன் மட்டும்" என்று போன என் மகள் ஸ்ருதியை அரை மணியாகக் காணோம், நான் முன்சீட்டில் உட்கார்ந்து போனில் இந்தப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன், பெரிதாக்கினால் என் பெயர் வந்துவிடுமா என்ன. நரசிம்மன் சார் அனுப்பியது. சிட்னியில் மகன் வீட்டில் பொழுது போகவில்லை போலிருக்கிறது, கரீபியன் கடலில் இருக்கும் செயின்ட் ஒரேல் தீவுக்கு நம் நாடு அனுப்பிய தூதர்களின் வரலாறு என்று நூற்றிருபது பக்கம் எழுதியிருக்கிறார், தூதரகம் திறந்து ஐம்பது வருடம் ஆகிறதாம். காலையில் கூப்பிட்டு, "நீயும் அங்க இருந்தவதானே கல்யாணி, தப்பு இருந்தா மூணு மணிக்குள்ள சொல்லு, அச்சுக்குப் போகுது" என்றார். இருந்தவள்! சார், இருந்தவள் இல்லை, நடத்தியவள். இப்போது மணி இரண்டு பத்து.

தெரியும், வழக்கம் தெரியும், எனக்கா தெரியாது, நம் நாட்டுத் தலைவர் கையெழுத்திட்ட நியமனக் கடிதத்தை அந்தத் தீவின் அதிபர் கையில் நேரில் கொடுத்தால்தான் ஒருவர் தூதர், அதுவரை நாற்காலியில் யார் இருந்தாலும் பொறுப்பு வகிப்பவர், அவ்வளவுதான், படம் சுவரில் ஏறாது, பெயர் வரிசையில் சேராது. ஆறாவது தூதர் நெஞ்சுவலி என்று டெல்லிக்குப் போனவர் திரும்பவில்லை, அடுத்த நிலையில் நான், பொறுப்பு என் தலையில். சரி, மூன்றாவது தூதர்? கடிதத்தைக் கொடுத்தார், புகைப்படம் எடுத்துக்கொண்டார், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஏழே வாரத்தில் கிளம்பிவிட்டார், அவருக்கு அரைப் பக்கம், அவருக்குப் பூச்செண்டோடு படம்! அவர் ஆட்சியில் என்ன நடந்தது, மிஞ்சிப்போனால் ஏழு விருந்து நடந்திருக்கும். என் நான்காவது மாதத்தில் புயல். மருத்துவக் கல்லூரி விடுதியின் கூரையே பறந்துபோய், நம் பிள்ளைகள் நூற்று நாற்பத்து மூன்று பேர், ஈரத் துணியோடு வாசலில்... தூதர் இல்லத்தைத் திறந்துவிட்டேன், நானே அங்கே குடியிருக்க அனுமதி இல்லை, என் கையில் சாவி மட்டும்தான், அதனால் என்ன, திறந்துவிட்டேன். பதினொரு வயது ஸ்ருதி எல்லோருக்கும் பிஸ்கட் எண்ணிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் எல்லாரையும் விமானம் ஏற்றினேன். அதற்குப் பிறகு ஆறு மாதம் கழித்து இந்த நரசிம்மன் ஏழாவது தூதராக வந்து இறங்கி, கடிதம் கொடுத்து, எனக்கு எழுதிய முதல் குறிப்பு என்ன தெரியுமா? தூதர் இல்லத்துக் கம்பளம் பாழானதற்கு விளக்கம் தருக. மூன்று பக்கம் விளக்கம் எழுதினேனே, வெட்கமில்லாமல்! இப்போது அவர் புத்தகத்தில் அறுபத்தொன்றாம் பக்கம், 'புயலில் சீர்குலைந்த தூதரகத்தை மீட்டெடுத்தவர்', யார், அவரேதான்.

பக்கத்தில் ஒரு கார் நின்று, ஓட்டுகிறவர் கையை ஆட்டி, போகிறீர்களா என்று கேட்கிறார், சனிக்கிழமை ஸ்பிரிங்வேலில் இடம் கிடைப்பது அத்தனை பாடு, நான் தலையை ஆட்டினேன், இல்லை, நான் எங்கேயும் போகவில்லை. கூப்பிட்டே விட்டேன் நரசிம்மனை. "என்னம்மா பண்றது, வழக்கம் அப்படி, நான் போட்ட சட்டமா? ஒண்ணு பண்ணு, புயல் பத்தி நாலு வரி எழுதி அனுப்பு, அடிக்குறிப்பாப் போட்டுடறேன்." அடிக்குறிப்பு! நூற்று நாற்பத்து மூன்று உயிர் அடிக்குறிப்பா? வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு "சரி சார்" என்றேன், இந்த 'சரி சார்' மட்டும் ஓய்வுபெறவே மாட்டேன் என்கிறது. போகட்டும், நாலு வரி என்றால் நாலு வரி, நறுக்கென்று எழுதுகிறேன்... 'அப்போது பொறுப்பு வகித்த திருமதி கல்யாணி, மாணவர்களை இல்லத்தில் தங்கவைத்து, சரக்கு விமானம் ஒன்றை ஏற்பாடு செய்து'... ஏற்பாடு எப்படிச் செய்தேன்? போன் இல்லை, சாலை இல்லை. வரவேற்பு மேசையில் இருந்தாளே அந்தத் தீவுக்காரி, உயரமாக, மஞ்சள் குடை வைத்திருப்பாள், விமான நிலைய அதிகாரி அவளுக்கு அத்தை மகன், மார்பளவு தண்ணீரில் நடந்துபோய் அந்த மனிதனைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தவள் அவள்தான், அவள் இல்லையென்றால் விமானமாவது ஒன்றாவது. அதையும் எழுதிவிட வேண்டியதுதான், 'தூதரக வரவேற்பாளர் திருமதி'... திருமதி என்ன? திருமதியா செல்வியா? டெல்லிக்கு அன்று அனுப்பிய தந்தியில் என்ன எழுதினேன்... 'உள்ளூர்ப் பணியாளர் ஒருவர் மூலமாக'. ஒருவர். உள்ளூர் ஆட்களின் பெயரைத் தந்தியில் எழுதுவதில்லை, அப்படித்தான் எல்லோரும் எழுதினோம், வழக்கம் அப்படி... ஐயோ, இதே வார்த்தையைத்தானே இப்போது அந்த மனிதர் சொன்னார்?

கதவைத் திறந்து ஸ்ருதி மீன் பையைப் பின்சீட்டுக்குக் கீழே வைத்தாள், வரிசை கடை வாசல் வரைக்கும் என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். நான் கேட்டேன்.

"ஸ்ருதி, அந்தப் புயல் சமயத்துல நம்மகூட இருந்தாளே, ஆபீஸ் வரவேற்புல..."

"மிஸ் ஒடெட் டுவாலா?" யோசிக்கவே இல்லை அவள். "ஏன்மா, அவங்களுக்கு என்ன? ஆர் யூ ஓகே?"

"அவ பேரு உனக்கு எப்படித் தெரியும்?"

"எப்படின்னா? அவங்ககிட்ட கேட்டேன்மா."

பதினொரு வயதுக் குழந்தை கேட்டிருக்கிறாள். நான் தினமும் காலையில் அந்த மேசையைத் தாண்டித்தான் என் அறைக்குப் போனேன், மூன்று வருடம், குட் மார்னிங் கூடச் சொல்லியிருக்கிறேன். ஸ்ருதி வண்டியைப் பின்னால் எடுக்கிறாள், மணி இரண்டு ஐம்பத்திரண்டு, இன்னும் எட்டு நிமிடம் இருக்கிறது. ஒடெட் டுவால், எழுதிவிட்டேன், என் பெயருக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் தெரியவில்லை. நரசிம்மன் மேல் கோபம் ஒரு துளி குறையவில்லை, குறையவும் வேண்டாம், அந்தக் கோபம் எனக்கு நியாயமானதுதான்... ஆனால் அதே கோபத்தோடு அந்தத் தீவில் ஒருத்தி பதினெட்டு வருடமாக என்னை நினைத்துக்கொண்டிருப்பாளோ?