கன்னடத்தில் அழாதீங்க

அவ்வா செத்துக் கிடந்த அன்று மாரம்மாவுக்கு வேறு ஆசையே இல்லை. பெற்றவளை வாய்விட்டு அழுது அனுப்ப வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வீட்டில் பேச்சு கன்னடம். பெற்றவளை அவ்வா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓசூரிலேயே பிறந்து, ஓசூர்ச் சந்தையிலேயே தக்காளி விற்றவள் அவ்வா. சந்தைத் தமிழ் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மேடைத் தமிழ்தான் பிடிபடவில்லை. மகன் திம்மப்பன் பேசியதோ மேடைத் தமிழ். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், பிழைத்தான். சேர்ந்த தமிழ்க் கட்சி அவனுக்குத் தமிழ்வேந்தன் என்று பெயர் வைத்தது. "இல்லத்தில் அயல்மொழி பேசுவோர் எவராயினும் வந்தேறிகளே!" என்று அவன் முழங்கினால் விசில் பறக்கும்.

ஒருமுறை அவ்வாவும் கூட்டத்தின் ஓரமாக நின்று கேட்டாள். பெருமை தாங்கவில்லை.

"யாரைடி இந்தத் திட்டு திட்டறான்?" என்று மகளைக் கேட்டாள்.

மாரம்மா என்னத்தைச் சொல்வாள்? "யாரோ கெட்டவங்களையாம் அவ்வா."

"நல்லாத் திட்டட்டும்" என்றாள் அந்தப் பாவி மகராசி.

இப்போது அவளைச் சுற்றி உட்கார்ந்து பெண்கள் ஒப்பாரியைத் தொடங்கியிருந்தார்கள். "எல்லி ஹோதே அவ்வா" என்று, எங்கே போனாய் என்று கேட்டு மாரம்மா எடுத்துக் கொடுக்கும்போதே திம்மப்பன் ஓடி வந்து காதைக் கடித்தான். அதுவும் கன்னடத்தில்!

"அக்கா, மாவட்டச் செயலாளர் மாலையோட வர்றாரு. வார்டு சீட்டு அவரு கையிலதான் இருக்குது. வீடியோ வேற எடுப்பாங்க. அவரு போறவரைக்கும் கன்னடத்துல அழாதீங்க."

"அழுகைக்கு என்னடா பாஷை?"

"கால்ல விழறேன்க்கா. தமிழ்ல அழுங்க."

பெண்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மாரம்மா முயன்று பார்த்தாள். "அம்மா, எங்களை விட்டுட்டுப் போயிட்டியே..." அதற்கு மேல் வரவில்லை. வேலை பார்க்கும் கம்பெனியில் நாளெல்லாம் தமிழில்தான் சிரிக்கிறாள், சண்டை போடுகிறாள். ஆனால் பெற்றவளை அம்மா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. யார் வீட்டுச் சாவுக்கோ வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

செயலாளர் தாமதமாகத்தான் வந்தார். மாலை போட்டு, "வீரத் தமிழ்த்தாய் ஒருவரை இழந்தோம்" என்றார். வெயில் ஏறிவிட்டதென்று, அவர் நிற்கும்போதே பாடையைத் தூக்கிவிட்டார்கள். பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை, தெருமுனையோடு சரி. அங்கேயும் கொடி கட்டிய கார் நின்றிருந்தது. ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. மாரம்மா திரும்பி வந்து, வழக்கப்படி வீட்டைக் கழுவினாள்.

திம்மப்பன் ஈரத் துணியோடு வந்தான். அவ்வா கிடந்த இடத்தைப் பார்த்ததும் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

"எல்லாரும் போயிட்டாங்கக்கா" என்று கன்னடத்தில் தேம்பினான். "இப்ப அழு அக்கா. அவ்வாவுக்கு அழு."

மாரம்மா துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்தாள். பிறந்ததிலிருந்து தம்பியிடம் கன்னடம் தவிர வேறு பேசாதவள், அசலாரிடம் பேசுவது போல் தமிழில் சொன்னாள்:

"யாருக்குங்க அழறது? வீடு கழுவி விட்டாச்சுங்க."