சாம்பல் விழாத மூலை

கழுத்து நரம்பு விண்விண் என்று தெறித்தது. நக்காவா சந்தையிலிருந்து வாழைக்காய்த் தோல் மூட்டையைத் தலையில் வைத்து மேடேறி வந்திருந்தேன். தீனி விலை ஏறியதிலிருந்து என் கோழிகளுக்குச் சோளம் கிடையாது. தோல், சாப்பாட்டுக் கடையில் மிஞ்சியது, முக்கேனே என்கிற பொடிமீனின் கழிவு எல்லாம் கொல்லையில் குவிந்து மக்கும், புழு வைக்கும். அதைக் கிளறித் தின்றே முட்டையிட்டுக்கொண்டிருந்தன. இப்போது கூட்டில் ஒரு முட்டைகூட இல்லை.

என் புருஷன் செபுன்யா சொன்னான்: "மாசக் கடைசியில கறிக்கடைக்காரன் வர்றான். அத்தனையையும் புடிச்சுக் குடுத்துடலாம். குப்பையத் தின்னா முட்ட போடுமாம். நீ தின்னு பாரேன், போடுறியான்னு."

"அவன் வர்றப்போ பாத்துக்கலாம்."

குவியலைக் கிளறினேன். வறண்ட தூள் பறந்தது. பெயருக்குக்கூட ஒரு புழு இல்லை. கோழிகள் அந்தப் பக்கமே வரவில்லை. வேலியோரம் ஒரே மூலையில் அடித்துப் பிடித்துக் கிளறின. அங்கே கையை விட்டேன். ஈரம், சூடு, நெளியும் வெள்ளைப் புழு.

வேலிக்கு மேலே ஒரு வாளி கவிழ்ந்தது. பக்கத்து வீட்டில் வாழைக்கள் வடித்து விற்கும் நலுவோகா, வடித்த சக்கையைக் கொட்டினாள்.

"எத்தன நாளாக்கா இது?"

"ஒன் கோழிங்க வேலிக்கிட்ட நின்னு கத்துது. வாய அடைக்கணுமே."

"இங்க மட்டும் புழு இருக்கு. அங்க இல்லையே."

"தெனம் அடுப்புச் சாம்பல அள்ளி அள்ளிக் கொட்டுறியே, அதுல எந்தப் புழுடி பொழைக்கும்?"

"நாத்தம், குடிக்க வர்றவன் ஓடுறான்னு நீதானக்கா கத்துன?"

"தூவச் சொன்னேன். பொதைக்கவா சொன்னேன்?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சக்கையப் பூரா எனக்கே குடுத்துடேன்."

"சும்மாவா? முட்ட போடுற கோழி ஒண்ணு குடு."

சரி என்றேன். சாம்பலை வழித்தெறிந்து, புதுத் தோலும் சக்கையும் போட்டு, நாற்றம் வராமல் காய்ந்த புல்லால் மூடினேன். புழு வைத்தது. கோழிகள் திரும்பின. கொண்டை சிவந்தது.

கறிக்கடைக்காரன் கூண்டோடு வந்த காலை, கூட்டில் கையை விட்டால் வெதுவெதுப்பாக முட்டை. அடுத்ததிலும். மடி நிறைய அள்ளி வந்து செபுன்யா முன்னால் நின்றேன். அவன் முட்டைகளைப் பார்த்தான், வந்தவனைப் பார்த்தான்.

"நீ போப்பா. இங்க விக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல," என்றான். என்னிடம், "ரெண்டு பொரியேன்."

பொரித்து, நானும் உட்கார்ந்து தின்றேன்.

நலுவோகா சிவப்புப் பெட்டையைப் பார்த்து வைத்திருக்கிறாள். அவளுக்கு ஒரு கோழி பாக்கி. இன்னும் கொடுக்கவில்லை.