மேலே ஏறுகிறவனுக்கு வியாதி கூடாது

என் சின்ன அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினான். அதற்கு முன்பே, இளவயதில், அவனுக்கு மனவியாதி வந்துவிட்டது. சில மாதம் தூக்கமே இல்லாமல் உலகத்தையே விலைக்கு வாங்குகிற பேச்சு. பிறகு சுவரைப் பார்த்தபடி படுக்கை. முதலில் ஊசி போட்டார்கள். எச்சில் வழிய மரக்கட்டையாகக் கிடந்தான். அப்புறம் தலையில் மின்சாரம் வைத்தார்கள். என் பெயரையே மறந்துபோனான். கடைசியில் ஒரு டாக்டர் லித்தியம் கொடுத்தார். அதுவும் ஒரு வகை உப்புதான் என்றார். அண்ணன் எங்களுக்குத் திரும்பக் கிடைத்தான்.

"உப்புப் போட்டுத்தான் என்னைக் கெடாம வச்சிருக்காங்க," என்பான்.

"அப்போ நீ கருவாடு."

"போடி, கருவாட்டை நம்பி எவன் கிரேனைக் குடுப்பான்?"

லித்தியம் வீட்டுக்கு வெளியே தெரியக் கூடாது என்பது பெரிய அண்ணனின் கட்டளை. "தெரிஞ்சா மறுநாளே கீழே இறக்கிடுவாங்க. வாயைத் திறக்காதே."

பல வருடம் கழித்து, துறைமுக டாக்டர் அவனுக்கு ரத்தக் கொதிப்பு என்றார். சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னார். உடம்பு நீரை வெளியேற்றும் மாத்திரை கொடுத்தார். வேறு மருந்து சாப்பிடுகிறாயா என்று கேட்டாராம். இல்லை என்றிருக்கிறான்.

கொஞ்ச நாளிலேயே அவனுக்குக் கை நடுங்கியது. நாக்குக் குழறியது. "பழைய கிறுக்கு திரும்புது," என்ற பெரிய அண்ணன், லித்தியத்தை ஒருவேளைகூடத் தவறாமல் பக்கத்தில் நின்று விழுங்க வைத்தார். அந்த வாரமே நினைவு தப்பியது. அவன் எழுந்திருக்கவில்லை.

லித்தியம் கொடுத்த டாக்டரிடம் போனேன். "உப்பும் நீரும் குறைஞ்சா லித்தியம் உடம்புலயே தங்கி விஷமாயிடும்மா. ஆரம்பத்துலயே சொன்னேனே! ஒரு காலத்துல வெளிநாட்டுல இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலா இதையே குடுத்து, சில பேர் செத்திருக்காங்க. அந்தப் பயத்துலதான் இந்த மருந்தையே ரொம்ப நாள் ஒதுக்கி வச்சாங்க. டாக்டருங்க எங்களுக்கெல்லாம் தெரிஞ்ச கதை," என்றார்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் பெரிய அண்ணன் மாரடைப்பு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். துறைமுக டாக்டர் வந்தபோது அவரிடமும் அதையே ஆரம்பித்தார்.

"பொய்," என்றேன். "லித்தியம் சாப்பிட்டுக்கிட்டிருந்தான். வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியிருந்தே."

"உள்ளே போ," என்று பெரிய அண்ணன் பல்லைக் கடித்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா!"

"சொல்லியிருந்தா கிரேன்ல விட்டிருப்பீங்களா?"

அவர் எழுந்துபோய், வாசலில் தன் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.