நிறுத்திய கை

மெஹ்னாஸ் மேடத்தை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள் என்பது காலையில் கிரேன் ஏறும்போதே பகலவனுக்குத் தெரிந்துவிட்டது. திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டின் மேனேஜர் அவர். நேற்று மாலை காற்று வெறிபிடித்து அடித்தது. பகலவன் தூக்கிய பெட்டி, கீழே வேலை பார்த்த பிராங்கிளினின் தலைக்கு மேல் ஊசலாடியது. மேடம் ஓடிவந்து, நிறுத்து என்று இரண்டு கைகளையும் விரித்தார். வேலை நின்றது. மீதிப் பெட்டிகளை விட்டுவிட்டுக் கப்பல் போய்விட்டது. பழி மேடத்தின் மேல் விழுந்தது.

அந்த யார்டில் நல்லது நடந்தால் ஆபரேட்டருக்குக் கைதட்டுவார்கள். கெட்டது நடந்தால் மேனேஜருக்கு வசவு. மேடத்துக்கு யாரும் நன்றி சொன்னதில்லை. பகலவனும்தான்.

கீழே ஜி.எம். சுப்பராயன் நின்று, தூக்கு என்று கையை ஆட்டினார். பகலவன் கைகளை மடியில் வைத்துக்கொண்டான்.

வாக்கிடாக்கியில் அவர் கத்தினார். "இன்னும் என்ன? காத்துதான் இல்லையே!"

"மேடம் நிறுத்துச்சு சார். நிறுத்துன கைதான் திரும்பத் தூக்கச் சொல்லணும். இங்க அப்டிதான்."

"எந்த ரூல்ல இருக்கு?"

பிராங்கிளின் தன் வாக்கிடாக்கியை எடுத்தான். "ரூலு இன்னாத்துக்கு சார்? பொட்டி ஆடுனது என் மண்டை மேல. வேணும்னா நீ வந்து அடில நில்லு, பகலவன் மாமு தூக்குவாரு."

யாரோ சிரித்தார்கள். அடுத்த கிரேனும் ஓய்ந்தது. அதற்கடுத்ததும்.

"பகலவன், நீ கான்ட்ராக்ட் ஆள். ஞாபகம் இருக்கட்டும்."

"கீது சார். மேனேஜர் யாருன்றதும் ஞாபகம் கீது."

 நாளைக்குத் தானும் கேட்டுக்கு வெளியே நிற்க நேரலாம். நிற்கட்டும். அவன் இறங்கவில்லை. இன்ஜினையும் அணைத்தான்.

வெளியே சாலையில் லாரிகள் தேங்கின. டிரைவர்கள் ஹாரனை அழுத்தினார்கள். சுப்பராயன் யார் யாருக்கோ போன் செய்தார். கடைசியில் அவரே கேட்டுக்கு நடந்தார். அடையாள அட்டையை ஒப்படைக்கக் காத்திருந்த மேடத்தோடு திரும்பி வந்தார். அட்டை மேடத்தின் கழுத்திலேயே இருந்தது.

மேடம் வாக்கிடாக்கியை வாங்கிக்கொண்டு மேலே பார்த்தார். முகத்தில் சிரிப்பில்லை.

"இன்னா பகலவன், இவ்ளோ நேரமா இன்ஜின் ஆஃப்ல கீது?"

"உங்களுக்காகத்தான் மேடம்."

 மேடம் சுப்பராயன் பக்கம் திரும்பினார்.

"சார், தரைல போட்ட மஞ்சக் கோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க. பொட்டி தூக்கப் போறோம்."

அவர் போனார். மேடம் கையை உயர்த்தினார்.