பாப்பம்மாளுக்குப் பின்னால்

தேங்காய் எண்ணெய் உறையும் என்பது ஜஹனாராவுக்குத் தெரியாது. பினாங்கில் அது எப்போதும் தண்ணீராகத்தான் இருக்கும். கொடைக்கானலுக்கு வந்த மறுநாள் காலை போத்தலைக் கவிழ்த்தபோது ஒரு சொட்டுக்கூட விழவில்லை. உள்ளே மெழுகுபோல வெள்ளையாக இறுகிக் கிடந்தது. கெட்டுப்போன சரக்கு என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிட்டாள். விடுதிப் பெண்கள் அதை ஒரு வாரம் சொல்லிச் சிரித்தார்கள்.

அது 1961 ஜூன் மாதம். மலாயாவில் தமிழ்ப் பள்ளிகளுக்கு ஆசிரியைகள் போதவில்லை. பழனியில் பிறந்து பினாங்கில் மளிகைக்கடை வைத்திருந்த அவளுடைய அத்தா, மகள் முறையாகப் படித்து வரட்டும் என்று கப்பலேற்றி அனுப்பியிருந்தார். மிஷன் நடத்திய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடப் படிப்பு. அத்தாவின் பால்ய நண்பர் அமானுல்லா கொடைக்கானல் பஜாரில் கம்பளிக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மதியச் சாப்பாடு அவர் வீட்டில்.

மற்ற நாட்களில் விடுதிச் சோறு. அந்த உயரத்தில் எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுவில் ஓர் அரிசி பல்லில் கடிபடும். குளிரில் கால்விரல்கள் சிவந்து வீங்கி ராத்திரியெல்லாம் அரித்தன. அவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டாள். வருகைப் பதிவேட்டில் எல்லாப் பெயர்களும் வாசித்து முடிந்தபின் வார்டன் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அப்புறம், மலாயா" என்று சொல்வதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாற்பத்தொரு பெண்களுக்குப் பெயர் இருந்தது. அவளுக்கு ஒரு நாடு இருந்தது.

அவள் பேச்சும் காட்டிக்கொடுத்தது. பினாங்குத் தமிழில் வாக்கியத்தின் கடைசியில் ஒரு 'லா' தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் குரலும் சற்று மேலே ஏறும். அக்டோபரில் பயிற்சிக்காக அவளை ஓர் ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பள்ளங்கிக்குப் போகும் பாதையில் மூன்று மைல் கீழே இருந்தது பள்ளி. முதல் நாள், "உட்காருங்கலா" என்றாள். முப்பது பிள்ளைகளும் குரலைத் தூக்கி, "உட்காருங்கலா" என்று திருப்பிச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்கள். அன்றிலிருந்து படுக்கையில் கம்பளிக்குள் வாயை வைத்துக்கொண்டு, லா இல்லாமல் பேசிப் பழகினாள்.

காலையில் இறங்கிப் போக அவளுக்குப் பயமில்லை. மாலையில் சீகை மரக் காட்டின் வழியாகத் தனியே ஏறி வரக்கூடாது என்று வார்டன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அந்த வழியில் விறகு சுமந்து வந்த ஐந்து பெண்களோடு அவளைச் சேர்த்துவிட்டார்கள்.

முன்னால் போகிறவள் அன்னக்கொடி. திடகாத்திரமான உடம்பு, ஏறும்போதும் மூச்சு வாங்காது. அவளுக்குப் பின்னால் வாய் ஓயாத ராக்காயி. பிறகு அக்காள் தங்கை இருவர். கடைசியில் பாப்பம்மாள், ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசமாட்டாள். ஜஹனாராவை நடுவில் விட்டுக்கொண்டு நடந்தார்கள்.

"ஏன் டீச்சர், ஒங்க ஊர்ல பனியே கெடையாதாமே?" என்றாள் ராக்காயி.

"இல்லை. வருஷம் முழுக்க வேர்க்கும்."

"அப்ப இங்கன ஒங்கள அனுப்புன மனுசனுக்கு ஒங்க மேல என்ன கோவம்?"

நான்கு மணிக்கு மேல் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும். ஐந்து மணி ஆகிவிட்டால், முன்னால் போகிறவளின் விறகுக்கட்டுகூடத் தெரியாது. தலையில் சுமை இருப்பவர்களால் திரும்பிப் பார்க்கவும் முடியாது. அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் அன்னக்கொடி நின்று, "ஓ" என்று குரல் கொடுப்பாள். பின்னால் ராக்காயி, "ஓ". அக்காள், தங்கை. கடைசியில் பாப்பம்மாள். அதற்குப் பிறகு இன்னொரு குரல் வந்து போகும் அளவுக்கு ஓர் இடைவெளி. அப்புறம் அன்னக்கொடி, "எல்லாம் இருக்கோம், நடங்க" என்பாள்.

இரண்டு வாரம் ஜஹனாரா இதைக் கேட்டுக்கொண்டே நடந்தாள். அந்த இடைவெளி அவளை உறுத்தியது. யாருக்காகக் காத்திருக்கிறார்கள்? யோசித்துப் பார்த்ததில் ஒரே ஒரு விடைதான் கிடைத்தது. தனக்காகத்தான். ஒவ்வொரு வளைவிலும் தனக்கு ஓர் இடம் விட்டு நிற்கிறார்கள், தான்தான் மரியாதை தெரியாமல் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கிறோம். நினைக்க வெட்கமாக இருந்தது. உள்ளூரச் சந்தோஷமாகவும் இருந்தது.

மறுநாள் பெரிய வளைவில் பாப்பம்மாளின் குரல் முடிந்ததும், ஜஹனாரா, "ஓ" என்றாள். பழக்கதோஷத்தில் முடிவு மேலே ஏறிவிட்டது.

யாரும் சிரிக்கவில்லை. ராக்காயியின் கட்டு சரிந்து, அதைப் பிடிக்க அவள் படும் பாடு கேட்டது. பாப்பம்மாள் சுமையோடு உடம்பு முழுவதையும் திருப்பினாள். அவள் பார்த்தது முன்னால் நின்ற ஜஹனாராவை அல்ல. ஏறி வந்த பாதையை. அங்கே பனி மட்டுமே இருந்தது.

வெகுநேரம் கழித்து அன்னக்கொடி, "நடங்க" என்றாள். 'எல்லாம் இருக்கோம்' என்று சொல்லவில்லை.

அடுத்த நாள் மாலை பாப்பம்மாள் மடியிலிருந்து அவித்த உருளைக்கிழங்கு இரண்டை எடுத்து ஜஹனாராவின் கையில் வைத்தாள். இன்னும் சூடு இருந்தது.

"எனக்குப் பின்னால வா தாயி. ஒன் எடம் அதான்" என்றாள்.

இந்த மலைக்கு வந்தபிறகு அவளுக்கென்று ஓர் இடத்தை யாரும் காட்டியதில்லை. ஜஹனாரா சந்தோஷமாகப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பத்து நாள் அப்படி நடந்தாள். கடைசிக் குரல் அவளுடையது. அத்தாவுக்கு எழுதிய கடிதத்தில், "என்னையும் இங்கே எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்கள்" என்று எழுதினாள்.

சில சங்கதிகள் மட்டும் புரியவில்லை. பாறை வழுக்கும் இடத்தில் பாப்பம்மாள், "பாத்து வா" என்பாள். ஜஹனாரா கடந்து வந்துவிடுவாள். பாப்பம்மாள் நிற்பாள். இன்னொருத்தி கடக்கிற நேரம் போனதும் மறுபடி, "பாத்து வா" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள்.

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ராக்காயி அவளைக் காய்கறிக் கூடைகளுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள்.

"டீச்சர், ஒங்களுக்குச் சொல்லாம விட்டது எங்க தப்புதான். பாப்பம்மாவுக்கு ஒரு மக, வள்ளின்னு பேரு. நாலு வருசத்துக்கு முந்தி அவதான் கடைசியா நடந்து வருவா. ஒருநா பெரிய வளைவுல எல்லாரும் குரல் குடுத்தோம். அவ குரல் வரல."

"விழுந்துவிட்டாளா?"

"தெரியல. எட்டு நா தேடுனோம். கட்டு மட்டும் பாதையில நட்டமா நின்னுச்சு. மேல சும்மாடு கலையாம இருந்துச்சு, யாரோ பாத்து எறக்கி வச்ச மாதிரி. அன்னையிலேர்ந்து அவ குரலுக்கு எடம் விட்டுட்டுத்தான் நடக்குறோம். பாப்பம்மா கேட்டுக்கிட்டா. நாங்களும் சரின்னுட்டோம். அந்த எடத்துல ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது டீச்சர். நீங்க தொறந்துட்டீங்க."

"தெரியாமல்தானே."

"தெரியாமத்தான். பின்னால வர்றதுக்கு அது தெரியணும்ல" என்றாள் ராக்காயி. கத்தரிக்காயைப் பொறுக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை அன்னக்கொடி எல்லாரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். "டீச்சர் இனிமே ராக்காயிக்குப் பின்னால. மூணாவது குரலு அவங்களுது. பழையபடி கடைசி எடம் சும்மா கெடக்கட்டும்." பாப்பம்மாள் கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

அன்று பனி சீக்கிரமே ஏறிவிட்டது. பெரிய வளைவில் அன்னக்கொடி நின்றாள். "ஓ". ராக்காயி, "ஓ". ஜஹனாரா, "ஓ" என்றாள். குரல் தட்டையாக, நேராகப் போயிற்று. எங்கும் ஏறவில்லை. பிறகு அக்காள், தங்கை, பாப்பம்மாள்.

பாப்பம்மாளுக்குப் பின்னாலிருந்து, முடிவை மேலே தூக்கி, "ஓ" என்று ஒரு குரல் வந்தது.

ஜஹனாராவுக்கு அந்தக் குரலைத் தெரியும். பத்தொன்பது வருடம் அவள் தொண்டையில் இருந்த குரல் அது. ராக்காயியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். முந்தானை நடுங்கிக்கொண்டிருந்தது.

"டீச்சர், எங்கன நிக்கிறீங்க?" என்று பனிக்குள்ளிருந்து அன்னக்கொடி கேட்டாள்.

"எனக்குப் பின்னால நிக்கிறாங்க. என் சேலையப் பிடிச்சிருக்காங்க" என்றாள் ராக்காயி.

மறுபடி நடந்தார்கள்.

மறுநாள் வகுப்பில் ஜஹனாரா, "எல்லாரும் உட்காருங்க" என்றாள். பிள்ளைகள் உட்கார்ந்தார்கள். ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை, ஒருவரும் சிரிக்கவில்லை. இதற்காகத்தான் ஒரு மாதம் கம்பளிக்குள் பழகினாள். கரும்பலகைப் பக்கம் திரும்பி, யாருக்கும் கேட்காமல், "வாங்கலா" என்று சொல்லிப் பார்த்தாள். பிள்ளைகள் அவளைக் கேலி செய்யும்போது எப்படி இருந்ததோ, அப்படி இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அமானுல்லாவின் மனைவி ஃபக்ருன்னிசா சோறு பரிமாறிக்கொண்டே, "இப்பத்தான் நம்ம ஊருப் புள்ள மாதிரி பேசுற. கண்ண மூடிக்கிட்டுக் கேட்டா மலாயாக்காரின்னு யாராச்சும் சொல்லுவாங்களா?" என்றாள். கணவரைப் பார்த்து, "ஒங்க சிநேகிதருக்கு எழுதுங்க, சந்தோசப்படுவாரு" என்றாள். அதே வாரம் வார்டனும் பதிவேட்டில் எந்தத் தயக்கமும் இல்லாமல், ஆறாவது பெயராக, "ஜஹனாரா" என்று வாசித்தார். அவள், "உள்ளேன்" என்றாள். பக்கத்தில் இருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்றிரவு படுத்துக்கொண்டு, உம்மா தன்னைக் கூப்பிடும் விதத்தை நினைத்துப் பார்த்தாள். ஜஹனாராலா, சாப்பிட வாலா. சொற்கள் வந்தன. அந்த ஏற்றம் வரவில்லை. படிப்பு முடிந்து பினாங்குத் துறைமுகத்தில் இறங்கி வாயைத் திறந்தால் உம்மா யாரென்று பார்ப்பாள் என்று தோன்றியது. அந்தக் குரலை வளைவிலேயே விட்டுவிட்டுப் போக முடியாது. கேட்டு வாங்கியாக வேண்டும்.

மறுநாள் மாலை பெரிய வளைவுக்கு முன்னால், அன்னக்கொடி நிற்பதற்குள், ஜஹனாரா வரிசையை விட்டு விலகினாள். அக்காளையும் தங்கையையும் கடந்து, விறகின் பச்சை வாசனையைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தாள். பாப்பம்மாளையும் கடந்து அவளுக்குப் பின்னால் போய் நிற்கக் காலெடுத்து வைத்தாள்.

பாப்பம்மாள் திரும்பாமலே கையை நீட்டி மறித்தாள். அந்தக் கையில் அவித்த உருளைக்கிழங்கு ஒன்று இருந்தது. ஜஹனாராவுக்கு அதை நீட்டவில்லை.

"இங்கன எடமில்ல தாயி" என்றாள், கோபமே இல்லாமல். "முன்னால போ. அங்கன ஒன்னத் தேடுவாங்க."

"அது என்னுது. எனக்குத் திருப்பிக் குடுங்க" என்றாள் ஜஹனாரா.

பாப்பம்மாள் நீட்டிய கையை மடக்கவில்லை. "நீதான வேணாம் வேணாம்னு தள்ளிக்கிட்டுக் கெடந்த" என்றாள். "இவ குரலே இல்லாம நாலு வருசம் நடந்தா."

முன்னால் அன்னக்கொடி நின்றுவிட்டாள். "ஓ" என்றாள். ராக்காயி, "ஓ" என்றாள். அதற்குப் பிறகு மூன்றாவது இடம் காலியாக இருந்தது. காலியாக இருப்பதை ஐந்து பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள்.

"டீச்சர்?" என்றாள் ராக்காயி. "டீச்சர், வெரசா குரல் குடுங்க."

நான்கு வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் நின்றிருப்பார்கள் என்று ஜஹனாராவுக்குப் பட்டது. இன்னும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தால் தனக்கும் ஓர் இடைவெளி விட்டு நடக்கத் தொடங்கிவிடுவார்கள். பனிக்குள் கைகளை நீட்டித் துழாவிக்கொண்டு முன்னால் ஓடினாள். ராக்காயியின் முந்தானை கைக்கு அகப்பட்டது.

"ஓ" என்றாள். அந்த மலையில் பிறந்து வளர்ந்த எந்தப் பெண்ணின் குரலும் அப்படித்தான் இருக்கும்.

அக்காள், தங்கை, பாப்பம்மாள். அப்புறம், எல்லாருக்கும் பின்னாலிருந்து, முடிவை மேலே தூக்கி, ஊருக்குப் புதிதாக வந்தவள் போல ஒரு குரல்.

"எல்லாம் இருக்கோம்" என்றாள் அன்னக்கொடி. "நடங்க."