சுத்தமான டப்பா

பஸ்ஸில் பக்கத்தில் யாரையும் உட்காரவிடாமல், சளி டப்பாவை முந்தானைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு பொன்னி திண்டிவனம் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். புருஷன் தாண்டவராயனுக்கு மல்லாட்டைக் கொல்லையில் கடலை பிடுங்கும்போது பிடித்த இருமல், ஆள் பாதியாகிவிட்டான். தெருவுக்கு வந்த முகாமில் ஒருமுறை சளி வாங்கிப்போய், டிபி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பொன்னி மாரியாத்தாளுக்குப் பொங்கல் வைத்தாள். பொங்கல் வைத்தும் இளைத்துக்கொண்டேதான் போனான். இந்த முறை விழுப்புரத்துக்கு அனுப்பி மெஷினில் போட்டுப் பார்ப்பார்களாம். நோய் என்று தெரிந்தால்தான் மாத்திரை.

லேப்பில் இருந்த மலர்விழி டப்பாவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இது எச்சில்க்கா. சளி எங்க?"

"அவரு துப்புனதுதாம்மா."

"நெஞ்சுலருந்து கெட்டியா வரும்ல, அதுலதான் கிருமி இருக்கும். இத எந்த மெஷின்ல போட்டாலும் இல்லன்னுதான் வரும்."

பொன்னி டப்பாவைப் பார்த்தாள். கெட்டியாகத்தான் வந்துகொண்டிருந்தது, மஞ்சளாக, சில நாள் ரத்தம் கலந்து. அதைப் படித்த பிள்ளைகள் கையில் எப்படிக் கொடுப்பது? வேலை செய்த வீடுகளில் அவள் துலக்கி வைத்த பாத்திரத்தின் மேல் தண்ணீர் தெளித்துத்தான் உள்ளே எடுப்பார்கள். இங்கேயும் அப்படி ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது. அதனால் அவனைக் கொட்டாங்குச்சியில் துப்பச் சொல்லி, கெட்டியை வேப்பங்குச்சியால் ஒதுக்கிச் சாம்பலில் தள்ளிவிட்டு, தெளிந்ததை மட்டும் டப்பாவில் ஊற்றினாள். முகாமுக்கும் அப்படித்தான் கொடுத்தாள். டப்பாவை வாங்கிய பெண் சுத்தமாக இருக்கிறது என்று சொன்னபோது எவ்வளவு பூரித்துப்போனாள், பாவி.

"நாந்தாம்மா எடுத்துப் போட்டுட்டேன். அசிங்கமா இருக்குதேன்னு."

மலர்விழி அந்த டப்பாவை ஒதுக்கி வைத்தாள். புது டப்பாவில் அவன் பெயரை எழுதிக் கொடுத்தாள். "அசிங்கம்னு ஒண்ணுமில்லக்கா. நாளைக்குக் காலைல வர்றத அப்படியே கொண்டாங்க."

மறுநாள் விடியலில் தாண்டவராயனைச் சுவரில் சாய்த்து உட்கார வைத்தாள்.

"இந்தாய்யா, நல்லா இழுத்து இருமு."

அவன் முயன்றான். விலா எலும்புகள் ஏறி இறங்கின. இருமுவதற்குக்கூட உடம்பில் தெம்பு வேண்டும் என்பது பொன்னிக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"வர மாட்டேங்குது மே," என்றான், தப்பு செய்தவன் மாதிரி.

"வரும். பைய இருமு." இத்தனை நாளும் வந்ததையெல்லாம் அவள் கையாலேயே சாம்பல் போட்டு மூடியிருந்தாள்.

ரோட்டில் முதல் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. ஒரு கையால் அவன் முதுகைத் தேய்த்துக்கொண்டே, மறு கையால் டப்பாவை அவன் வாய்க்கு நேராகப் பிடித்திருந்தாள். அதில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.